துணியைத் திருப்பிப் பார்

மாரண்டஹள்ளிக்காரர் ஒருவருக்கு எத்தனை மொழி தெரியும் என்று கேட்டால், அவர் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறார் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். ஊர்ப்பெயரின் வாலிலேயே கன்னடம் தொங்குகிறது. பாலக்கோடு தக்காளி மண்டிக்குப் போனால் தெலுங்கு காதில் விழும். பாய் கடையில் உருது. பள்ளிக்கூடத்தில் தமிழ். இந்தக் கணக்கில் சேராத ஐந்தாவது மொழி ஒன்றை எங்கள் வீட்டில் பேசினோம். வெளி ஆள் யாராவது திண்ணையில் வந்து உட்கார்ந்தால் அம்மா பாதி வாக்கியத்திலேயே தமிழுக்கு மாறிவிடுவார். அம்மாவை அவர் அம்மா "யாடி" என்று கூப்பிடப் பழக்கியிருந்தார். நான் "அம்மா" என்றுதான் கூப்பிட்டேன்.

நாங்கள் லம்பாடிகள். எங்களை நாங்கள் "கோர்" என்று சொல்லிக்கொள்வோம். ஆனால் அந்தச் சொல் எங்களுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. "லம்பாடி" எல்லோருக்கும் தெரியும், வசவாகவும் தெரியும். தலை சீவாமல் வந்த பையனை "ஏன்டா லம்பாடி மாதிரி வர்ற" என்று கேட்கும் வாத்தியார்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். அதில் அவர்களுக்குத் தனிப்பட்ட பகை ஒன்றும் இல்லை. பழக்கம், அவ்வளவுதான்.

சாதிச் சான்றிதழ் விஷயம் இன்னும் வேடிக்கை. தமிழ்நாட்டில் நாங்கள் பிற்படுத்தப்பட்டோர். ஓசூரைத் தாண்டி கர்நாடகத்துக்குள் போனால் எங்கள் ஆட்கள் பட்டியல் சாதி. ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் பட்டியல் பழங்குடி. ஒரே குடும்பத்தில் கல்யாணம் கட்டிப் போன மூன்று அக்கா தங்கைகளின் பேரப்பிள்ளைகள் மூன்று வரிசையில் நிற்க வேண்டும். மொழிக்கும் இதே கதைதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 32 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் லம்பாடியைத் தாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த எண்ணிக்கை முழுவதும் இந்தியின் கீழே ஓர் உள்வரியாக அச்சாகியிருக்கிறது. இந்தி தெரியாத என் அம்மா அரசாங்கக் கணக்கில் இந்திக்காரி.

சான்றிதழும் கணக்கெடுப்பும் குழப்பிக்கொண்டாலும், ஒரு காலத்தில் எங்களை யாரும் தவறாக அடையாளம் கண்டிருக்க முடியாது. காரணம், துணி.

ஆயா உடுத்தியது நான்கு முக்கியமான உருப்படிகள். இடுப்பில் பேட்டியா. அகலச் சுற்றுள்ள, கொசுவம் வைத்த பாவாடை. மேலே காஞ்சளி. முன்பக்கம் முழுக்கத் தையல் வேலை, பின்பக்கம் முதுகு திறந்து கயிறு கட்டுவது. தலையில் முக்காட்டுத் துணி, அதன் விளிம்பிலும் கண்ணாடிச் சில்லுகள். பிறகு நகை. காதோரம் முடியோடு சேர்த்துப் பின்னித் தொங்கவிடும் குக்ரி, மணிக்கட்டிலிருந்து மேற்கை வரை வளையல். இதில் எது எப்போது என்பதற்கு ஒழுங்கு உண்டு. கல்யாணம் ஆகாதவளுக்கு ஒன்று, ஆனவளுக்கு ஒன்று. கணவன் இறந்தால் குக்ரியும் மேற்கை வளையலும் போய்விடும். தூரத்தில் ஒருத்தி நடந்து வரும்போதே அவள் வாழ்க்கை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தண்டாவில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

துணியில் சிவப்பும் நீலமும் அடித்தளம். மேலே மஞ்சள், வெள்ளை, பச்சை நூல்கள். நடுவே கண்ணாடி, சோழி, சில சமயம் நாணயம். தையல்களுக்குத் தனித்தனிப் பெயர்: வேலே, பக்யா, மாக்கி, சூர்யகாந்தி மாக்கி, ரேலோ, தேரா தோரா. கடைசிப் பெயருக்குப் பதின்மூன்று நூல் என்று பொருள். வரைந்து வைத்துக்கொண்டு தைக்கும் வழக்கம் கிடையாது. துணியின் இழையை எண்ணிக்கொண்டே போவார்கள். மாதிரி என்பது தலைக்குள்ளும் விரலிலும் இருந்தது.

இவ்வளவு வேலையை ஏன் உடம்பின் மேலேயே சுமந்தார்கள் என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். வரலாற்றைப் படித்தபோது அது தானாகவே புரிந்தது. எங்கள் முன்னோர் பொதிமாட்டு வணிகர்கள். உப்பும் தானியமும் ஏற்றிய ஆயிரக்கணக்கான மாடுகளோடு தக்காணம் முழுக்க நடந்தவர்கள். முகலாயப் படைக்கும் இவர்கள்தான் தானியம் கொண்டுபோனார்கள், பிறகு கம்பெனிப் படைக்கும் இவர்கள்தான். 1791இல் கார்ன்வாலிஸ் திப்புவின் மேல் படையெடுத்தபோது, பஞ்சாராக்களைத் திரட்டி அந்தப் படைக்குத் தானியம் வரவழைத்த வேலையில் அலெக்சாண்டர் ரீட் என்ற அதிகாரிக்குப் பெரிய பங்கு உண்டு. அடுத்த வருடம் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்தது. அதாவது இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி. அதன் முதல் கலெக்டராக நியமிக்கப்பட்டவர் அதே ரீட். அவருக்கு உதவியாக இருந்தவர்தான் தாமஸ் மன்றோ. எங்கள் மாவட்டத்தின் வருவாய்த்துறைக் கதை தொடங்கும் இடத்தில் எங்கள் மாடுகளின் குளம்படியும் இருக்கிறது. பள்ளிப் பாடத்தில் ரீட் வந்தார், மன்றோ வந்தார். மாடு வரவில்லை.

நடந்துகொண்டே இருப்பவர்களுக்குச் சுவர் கிடையாது, பெட்டி கிடையாது. கலை என்று ஒன்று செய்தால் பொதிப்பையில் செய்யலாம், மாட்டின் மேல் போடும் துணியில் செய்யலாம், இல்லையென்றால் உடம்பில் போட்டுக்கொள்ளலாம். சேமிப்பும் அப்படித்தான். நாணயத்தைத் துணியில் தைத்துக்கொண்டால் அதுவே வங்கி.

அப்புறம் ரயில் வந்தது. உப்பு அரசாங்கத்தின் ஏகபோகமானது. மாட்டின் முதுகில் போன சரக்கெல்லாம் வண்டிக்கு மாறியது. வேலை போன பிறகும் ஊர் ஊராகத் திரிந்தவர்களை ஆங்கிலேயர்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் வலையில் பல மாகாணங்களில் பஞ்சாராக்களும் விழுந்தார்கள். நடந்தவர்கள் ஆங்காங்கே உட்கார்ந்துவிட்டார்கள். உட்கார்ந்த இடம் தண்டா. அப்படி ஒன்றில்தான் என் ஆயா பிறந்தார்.

ஆயா எப்போது சேலைக்கு மாறினார் என்று அம்மாவிடம் கேட்டேன். பெரிய கதை ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன்.

"நாத்து நட எறங்குனா பேட்டியா நனைஞ்சு பாறாங்கல்லு மாதிரி ஆயிடும் கண்ணு. எப்படிக் குனியறது? அதுவும் இல்லாம பஸ்ல ஏறுனா எல்லாம் நம்மளையே பாக்கும். ஒருநாள் போயி சேலை எடுத்தாந்துட்டா."

அவ்வளவுதான். யாரும் தடை போடவில்லை. யாரும் கிழித்தெறியவில்லை. கனம், கூலி வேலை, பேருந்துப் பார்வை. ஒரு தலைமுறைக்குள் முடிந்துவிட்டது. அம்மா அந்த உடையைப் போட்டது கல்யாணத்தன்று ஒரு மணி நேரம் மட்டும்.

பிறகு பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர்கள் வந்தார்கள். ஒரு பேட்டியாவுக்கு எவர்சில்வர் குடம், தலைத்துணிக்கு இரண்டு கிண்ணம் என்று தண்டாவே கைமாறியது. எங்கள் வீட்டில் மிஞ்சியது காஞ்சளியின் முன்பக்கத் துண்டு ஒன்றுதான். இரண்டு உள்ளங்கை அகலம். அதுவும் பாத்திரக்காரர் "கறை இருக்கு, வேணாம்" என்று திருப்பிக் கொடுத்ததால் மிஞ்சியது.

ஊரில் உடை போனாலும் மேடையில் போகவில்லை. நான் ஏழாவது படித்தபோது பள்ளி ஆண்டுவிழாவில் "லம்பாடி டான்ஸ்" இருந்தது. தர்மபுரியிலிருந்து வாடகைக்கு எடுத்த உடைகள். கண்ணாடிக்குப் பதில் பளபளக்கும் பிளாஸ்டிக் வட்டம், தையலுக்குப் பதில் ஒட்டிய ஜரிகை. எட்டுப் பெண்கள் ஆடினார்கள், விசில் பறந்தது. அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அந்த மூணாவது பொண்ணு நல்லா சுத்துது" என்றார். வீட்டுக்கு வந்த பிறகு, "பொத்தான் வெச்சுத் தெச்சிருக்கானுங்க. காஞ்சளிக்கு ஏதுடா பொத்தான்?" என்று மட்டும் சொன்னார்.

இதையெல்லாம் நான் மறந்திருப்பேன். நினைவூட்டியது எஸ்தோனியா.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு எஸ்தோனியா என்றால் ஸ்கைப் பிறந்த இடம், எல்லா அரசு வேலையையும் இணையத்தில் முடிக்கும் நாடு. என் டீமில் தாலின் நகரத்துப் பெண் ஒருவர் இருக்கிறார். மூன்று வருடமாகத் திரையில் மட்டும் பார்த்திருக்கிறேன். ஒரு ஜூலை மாதம் விடுப்பு முடிந்து வந்தவர் ஒரு படம் அனுப்பினார். கோடு போட்ட கம்பளிப் பாவாடை, பூவேலை செய்த வெள்ளை ரவிக்கை, மார்பில் பெரிய வெள்ளி வட்டம். அவர் பின்னால் கண்ணுக்கு எட்டும் தூரம்வரை அதே மாதிரி ஆயிரக்கணக்கானவர்கள். பாட்டுத் திருவிழாவாம். 1869இல் தார்த்து நகரத்தில் தொடங்கியது. இப்போது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தாலினில் நடக்கிறது. சோவியத் ஆட்சிக் காலத்தில் இந்த மைதானத்தில் பாடியே மக்கள் தங்களை இறுகப் பிடித்துக்கொண்டார்கள், 1991இல் விடுதலையும் வந்தது.

"உங்கள் பாவாடையில் இந்த நிறக்கோடுகள்தான் இருக்க வேண்டும் என்று யார் முடிவு செய்தது?" என்று கேட்டேன். என் பாட்டி பிறந்த வட்டாரத்தின் கோடுகள் இவை, அருங்காட்சியகத் தரவுத்தளத்தில் தேடிக் கண்டுபிடித்தேன், அதைப் பார்த்து நெய்தார்கள் என்றார். அங்கேயும் அன்றாட உடையாக இது 19ஆம் நூற்றாண்டிலேயே பெரும்பாலும் கழன்றுவிட்டதாம். விதிவிலக்கு கிஹ்னு என்ற சிறு தீவு. அங்கே பெண்கள் கோடு போட்ட பாவாடையை விடவே இல்லை. சந்தோஷ காலத்தில் சிவப்பு தூக்கலாக, துக்க காலத்தில் கருமை தூக்கலாக. படித்ததும் குக்ரிதான் நினைவுக்கு வந்தது.

அந்த வாரம் முழுக்க எஸ்தோனியாவைப் பற்றிப் படித்தேன். யாக்கோப் ஹுர்த் என்று ஒரு பாதிரியார். 1888இல் நாட்டு மக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார்: உங்கள் ஊர்ப் பாட்டை, கதையை, வழக்கத்தை எழுதி அனுப்புங்கள் என்று. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதி அனுப்பினார்கள். அவர் இறந்த பிறகு அவர் நினைவாக 1909இல் எஸ்தோனிய தேசிய அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. தன்னார்வலர்கள் கிராமம் கிராமமாகப் போய்ப் பாவாடையும் கையுறையும் ரவிக்கையும் சேகரித்தார்கள். அதைத்தான் நூறு வருடம் கழித்து என் சக ஊழியர் தேடிப் பார்த்தார்.

1909 என்ற வருடம் எனக்குள் முள்ளாக நின்றது. எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகள் வெளியானதும் அதே 1909தான். அவர் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். அதில் லம்பாடிகளைப் பற்றி நீளமாகவே எழுதியிருக்கிறார். பெண்களின் உடையும் வளையலும் சோழியும் வரிசையாக வருகின்றன. குறை சொல்ல முடியாது, அந்தப் பதிவு இல்லாவிட்டால் பல விவரங்கள் நமக்குக் கிடைத்திருக்காது. ஆனால் ஒரே வருடத்தில் நடந்த இரண்டு வேலைகளுக்கும் இடையே எவ்வளவு தூரம்! அங்கே தங்கள் பாட்டியின் பெட்டியைத் தாங்களே திறந்தார்கள். இங்கே வேறொருவர் எட்ட நின்று எங்களைக் குறித்துக்கொண்டார். இத்தனைக்கும் எஸ்தோனியாவின் மொத்த மக்கள்தொகையே சுமார் 13 லட்சம்தான். எங்கள் மொழியைப் பேசுகிறவர்களில் பாதிகூட இல்லை. எண்ணிக்கையால் வருவதில்லை இது. தன்னுடையது சேகரிக்கத் தகுந்தது என்று ஒரு சமூகம் நினைக்கிறதா என்பதுதான் கேள்வி.

உடனே எஸ்தோனியாவைக் கொண்டாடிவிட்டு நம்மை நொந்துகொள்வது எளிது. அதைச் செய்ய விருப்பமில்லை. ஏனென்றால் எங்கள் மாவட்டத்திலேயே ஒரு பதில் இருந்தது, எனக்குத்தான் நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாகப் போனால் சிட்டிலிங்கி. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே உள்ள பள்ளத்தாக்கு. 1993இல் மருத்துவர்கள் ரெஜியும் லலிதாவும் அங்கே போய்ப் பழங்குடி மக்களுக்கான மருத்துவமனையைக் குடிசையில் தொடங்கிய கதை பலருக்குத் தெரிந்திருக்கும். அங்கே பெரும்பான்மை மலையாளிப் பழங்குடிகள். கூடவே லம்பாடித் தண்டாக்களும் உண்டு. அந்தத் தண்டாக்களிலும் உடை போய்விட்டது, தையலும் ஏறக்குறைய போய்விட்டது. வயதான இரண்டு பெண்களுக்கு மட்டும் கையில் வேலை மிச்சமிருந்தது. லலிதாவின் முயற்சியில் அவர்களிடமிருந்து மற்றவர்கள் கற்றுக்கொண்டார்கள். அப்படி உருவான பெண்கள் அமைப்புக்குப் "போர்கை" என்று பெயர். எங்கள் மொழியில் பெருமை என்று அர்த்தம். பஞ்சம் பிழைக்கத் திருப்பூர் போக வேண்டியவர்கள் இப்போது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தைத்துச் சம்பாதிக்கிறார்கள். கர்நாடகத்தில் சண்டூரிலும் இதே போன்ற வேலை பெரிய அளவில் நடக்கிறது. சண்டூர் லம்பாணித் தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. 2023 ஜூலையில் ஜி20 கூட்டம் ஹம்பியில் நடந்தபோது 450க்கும் மேற்பட்ட லம்பாணிப் பெண்கள் தைத்த 1,755 உருப்படிகளைக் காட்சிக்கு வைத்து கின்னஸ் சாதனையும் செய்தார்கள்.

நான் போர்கையின் மெத்தை உறை ஒன்றை வாங்கி அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா பூவேலையைப் பார்க்கவில்லை. எடுத்தவுடன் துணியைத் திருப்பினார். பின்பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் விரலால் தடவினார். முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது, நூல் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு எப்படித் தாவுகிறது என்று பார்த்தார்.

"பக்யா சரியா இருக்கு. இது நம்மது தான்." கொஞ்சம் நேரம் கழித்து, "என்ன வெலை?" என்றார்.

சொன்னேன். அம்மா வழக்கமாக எதற்கும் "அவ்ளோவா?" என்பார். இந்த முறை விரல் விட்டு எண்ணினார். எத்தனை கை வேலை, எத்தனை நாள். "கட்டாது. இன்னும் கேக்கணும் அவங்க" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரில் பழைய துணி வாங்கும் ஒரு பொட்டிக்காரர் ஆயாவின் துண்டுக்கு எட்டாயிரம் தருவதாகச் சொன்னார். அதை வெட்டி இரண்டு கைப்பைகளின் முகப்பில் வைப்பாராம். "அலமாரியில் மடித்து வைத்தால் பூச்சி அரிக்கும், பையானால் நாலு பேர் பார்ப்பார்கள்" என்றார். சட்டென்று மறுக்க முடியாத வாதம். தண்டாவின் பேட்டியாக்கள் கிண்ணமாக மாறிய ஊரில் பிறந்தவன் நான். எட்டாயிரம் என்பது நிறைய கிண்ணம்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அந்தத் துண்டின் நடுவே கண்ணாடியைச் சுற்றி ஒரு தையல். அது என்னவென்று அம்மாவுக்குத் தெரியவில்லை. மாக்கி மாதிரி தொடங்குகிறது, பாதியில் வேறு வழியில் போகிறது. ஆயா சொல்லித் தருவதற்குள் காலமாகிவிட்டார். அம்மா வெள்ளைத் துணியில் நான்கு முறை முயன்றார், வரவில்லை. முகப்பைப் பார்த்து நூலின் பாதையைச் சொல்ல முடியாது. பின்பக்கம் பார்த்தால்தான் தெரியும். பின்பக்கத்தில் ஆயா அடித்துணி வைத்து நான்கு ஓரமும் இறுக்கித் தைத்திருந்தார்.

என் வேலையில் இது தினசரி நடப்பது. எழுதியவர் போய்விட்ட நிரல், குறிப்பு எதுவும் கிடையாது, ஓடுவது மட்டும் தெரியும். திறந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை. ஆனால் நிரலுக்கு நகல் உண்டு. ஆயாவின் தையலுக்கு நகல் கிடையாது. திறந்தால், ஆயா போட்ட ஓரத் தையல் போய்விடும். திறக்காமல் வைத்தால் அந்தத் தையல் எங்களுக்குத் தெரியாமலே ஒரு படமாக, கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும். உடையைக் காப்பாற்றுவது என்றால் எதைக் காப்பாற்றுவது? துணியையா, அதைச் செய்யும் கையையா? எஸ்தோனியாவில் இரண்டும் கிடைத்தன. துணி அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கை வெளியே இருக்கிறது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு துண்டு.

இரண்டு வாரம் அது சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது. நான் படம் எடுத்தேன், பெரிதாக்கிப் பார்த்தேன், கட்டம் போட்ட தாளில் குறித்தேன். ஒருநாள் காலையில் அம்மாதான் முடிவு செய்தார். "அவளே இருந்திருந்தா பிரிச்சுக் காட்டிட்டு மறுபடி தெச்சிருப்பா. தப்பா வந்தா எத்தனை தரம் பிரிச்சவ தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டே பிளேடை எடுத்தார்.

கீழ் ஓரம் மட்டும், நான்கு விரல் நீளம். நூல் காய்ந்து போயிருந்ததால் இழுக்காமலே அறுந்தது. உள்ளே ஒன்றல்ல, மூன்று அடுக்குத் துணி. முதலில் வேட்டித் துண்டு. அடுத்தது பழைய பேட்டியா ஒன்றின் நீலம். கடைசியில் மொடமொடப்பான வெள்ளைத் துணி, அதில் மங்கிப்போன அச்செழுத்துகள். கோதுமை மாவு வந்த துணிமூட்டை. கடையில் கேட்டு வாங்கி வந்திருப்பார். எந்த எழுத்தும் முழுதாக இல்லை.

அம்மா அடுக்குகளை விலக்கி, தையலின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தார். நூல் ஒவ்வொரு மூன்றாவது குத்துக்கும் திரும்பி வந்து முந்தைய குத்தின் அடியில் நுழைந்து போயிருந்தது. "திருடி!" என்று சிரித்தார். "பின்னால போயி முன்னால வந்திருக்கா." மத்தியானத்துக்குள் வெள்ளைத் துணியில் அந்தத் தையல் வந்துவிட்டது. கொஞ்சம் கோணலாக, ஆனால் அதேதான். பெயர் மட்டும் தெரியவில்லை. சிட்டிலிங்கிப் பெண்களிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறோம், தைத்த துணியையும் எடுத்துக்கொண்டு.

பெங்களூர்க்காரருக்கு இல்லை என்று சொல்லியாகிவிட்டது. பிரித்த ஓரத்தை அம்மாவே மூடித் தைத்தார். மாரண்டஹள்ளிக் கடையில் கிடைத்த சிவப்பு நூல் ஆயாவின் சிவப்போடு ஒட்டவில்லை, பளீரென்று இருக்கிறது. வேறு நிறம் தேடட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு? எங்க பிரிச்சோம்னு தெரியட்டும்" என்றார்.